குரைப்பது நாய், குற்றம் யாருடையது?

நன்றிக்கு எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள் என்றால், பள்ளிப் பிள்ளையும் தயங்காமல் நாயைச் சொல்லும். அதே வேளையில், ஒருவரை இழிவாகத் திட்ட வேண்டுமென்றாலும் நம் நாவில் முதலில் வந்து நிற்பது அந்த நாயின் பெயர்தான்! புகழ்வதற்கும் அதுவே, இகழ்வதற்கும் அதுவே. இப்படி இரண்டு விலாசங்களை ஒரே உயிருக்குக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

நம் முன்னோர் இதைவிட நேர்மையானவர்கள். யானையின் நட்பையும் நாயின் நட்பையும் எடை போட்டு, நாயின் பக்கமே தராசைச் சாய்த்தது நாலடியார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது; ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டு வீழ்ந்தபோது, அவனுடைய நாய் கள்வர் இருவரைக் கடித்து அவனருகே நின்றது என்று அக்கல் கூறுகிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். நாயின் உருவத்தையும் வீரனுக்குப் பக்கத்திலேயே செதுக்கி வைத்தார்கள். வளர்த்தவனுக்காக நின்ற விலங்கின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் படிக்கக் கிடைக்கிறது.

இத்தனை பெருமையையும் சொல்லிவிட்டு, நான் எழுத வந்த செய்தி சிறியது. வீட்டில் பசுவைப் போல இருக்கும் நாய், கயிற்றில் கட்டித் தெருவுக்கு அழைத்துச் சென்றதும், எதிரே இன்னொரு நாயைக் கண்டவுடன் பிசாசு பிடித்ததைப் போலத் துள்ளிக் குரைக்கிறதே, அது ஏன்? அதை எப்படித் தணிப்பது? சிறிய செய்திதான். ஆனால் அந்தச் சிறிய செய்தியால் ஒரு மூதாட்டி கீழே விழுந்தார். என் கையில் பல் பதிந்தது. ஒரு நாய் வீட்டை விட்டே துரத்தப்பட இருந்தது. ஆகவே இதைப் பேசுவது வீண் பேச்சு அன்று என்று கருதுகிறேன்.

நடந்தது இதுதான்

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. செவலை நிறம். இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று பெயர் சொல்லிப் பெருமைப்படக்கூடிய குலத்தில் பிறந்ததன்று, நாட்டு நாய். இராசபாளையத்து நாய்க்கு 2005ஆம் ஆண்டில் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. மணிக்கு அந்தப் பேறெல்லாம் கிடையாது. வேடசந்தூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நான்கு மாதக் குட்டியாக வந்தது. பகலெல்லாம் வாசல் தூணில் சங்கிலியால் கட்டியிருப்போம். மாலையில் நான் தெருவுக்கு அழைத்துச் செல்வேன். அதுதான் அதற்கு உலகம்.

ஒரு நாள் மாலை, நாகல் நகர்ப் பக்கத்துச் சந்தொன்றில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே மூன்று தெருநாய்கள். மணி முதலில் அசையாமல் நின்றது. பிறகு ஒரே பாய்ச்சல்! நான் சங்கிலியைச் சுண்டி இழுத்தேன். அது இன்னும் முன்னே பாய்ந்தது. கையிலிருந்த குச்சியால் முதுகில் ஓர் அடி வைத்தேன். அடி விழுந்த கணமே திரும்பி என் முன்கையைக் கவ்விவிட்டது. இந்தக் களேபரத்தில், பூக்கூடையோடு வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி அஞ்சி ஒதுங்கப்போய்ச் சாக்கடைத் திண்டில் இடறி விழுந்தார். மல்லிகைப் பூவெல்லாம் மண்ணில். கை எலும்பு முறியாமல் தப்பியது அவருடைய நல்ல காலம். எங்கள் நல்ல காலமும்கூட.

மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தோம். இருந்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று ஊசி போட்டார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் கதை சொல்லி மிரட்டிய காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். ஆகவே கடிபட்டவர் யாரும் ஊசிக்கு அஞ்சி வீட்டில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

அன்றிரவு அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். “போதும்ப்பா. வளர்த்தவன் கையையே கடிச்சிருச்சு. நாளைக்கு ஊரான் பிள்ளையைக் கடிச்சா யார் பதில் சொல்றது? சிறுமலை அடிவாரத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்துரு.” அவர் சொன்னதில் கொடுமை இல்லை, அச்சம்தான் இருந்தது. என்னிடம் மறுமொழி இல்லை. திண்ணையில் படுத்திருந்த அப்பத்தாதான் பேசினார்: “அதைக் கட்டிப் போட்டது நாம. ஓடவும் விடலை, ஒதுங்கவும் விடலை. அப்புறம் அது என்னதான்டா செய்யும்?”

உளவியல் நூல்களில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும் செய்தியை அப்பத்தா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்பாவிடம் ஆறு மாதம் தவணை கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார்.

மூன்று பழமொழிகள்

நாயைப் பற்றி நாம் அறிந்ததாக நினைப்பதில் பாதி, பழமொழிகளிலிருந்து வந்தது. பழமொழிகள் பொன்மொழிகள்தாம், ஆனால் பொன்னையும் உரைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

‘குரைக்கிற நாய் கடிக்காது’ என்பது முதலாவது. மணி குரைத்தது, கடிக்கவும் செய்தது. குரைப்பு என்பது நாயின் பேச்சு. “அருகே வராதே” என்பதை அது அப்படித்தான் சொல்ல முடியும். சொன்ன பிறகும் விலக வழி கிடைக்காதபோது பல்லுக்கு வேலை வருகிறது. ஆகவே குரைப்பை நம்பி அருகே போவதும் தவறு. குரைப்பதற்காக அடித்து வாயடைக்கச் செய்வதும் தவறு. எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டால் நெருப்பு அணைந்துவிடுமா?

‘அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்பது இரண்டாவது. அடி உதவியதா? நாயின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். எதிரே ஒரு நாய் வருகிறது. உடனே கழுத்து நெரிகிறது, முதுகில் அடி விழுகிறது. மறுநாளும் அவ்வாறே. அடுத்த நாளும் அவ்வாறே. பத்து நாளில் அது கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? “இன்னொரு நாய் வந்தால் எனக்கு வலி வருகிறது” என்பதுதானே? குரைப்பை ஒழிப்பதற்காக நாம் கொடுத்த அடி, குரைப்பதற்கு அதற்கு ஒரு புதுக் காரணத்தைத் தருகிறது. அமெரிக்காவில் விலங்குகளின் நடத்தையை ஆராயும் கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், நாய்ப் பயிற்சிக்குப் பரிசு முறையே ஏற்றது, வலியும் மிரட்டலும் ஆகா என்று திட்டவட்டமாகவே கூறியது.

‘நாய் வாலை நிமிர்த்த முடியாது’ என்பது மூன்றாவது. முடியாதுதான். ஆனால் வாலை நிமிர்த்தச் சொன்னது யார்? வால் வளைந்தே இருக்கட்டும். வால் இருக்கும் தூரத்தையும், அதைப் பிடித்திருக்கும் கயிற்றின் இறுக்கத்தையும், அந்த வேளையில் அதன் மனநிலையையும் மாற்ற முடியும். அவ்வளவு போதும்.

கயிறு செய்யும் சினம்

கயிறில்லாத இரண்டு நாய்கள் சந்திப்பதைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நேருக்கு நேராக அவை வருவதில்லை. சற்றே வளைந்து, பக்கவாட்டில் வந்து, மோந்து பார்த்து, பிடித்தால் நிற்கும். பிடிக்காவிட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கும். கயிறு கட்டிய நாய்க்கு இந்த மரியாதைகள் எதற்கும் வழியில்லை. நாம் அதை நேர்கோட்டில் இழுத்துச் செல்கிறோம். அஞ்சினால் ஓட முடியாது; ஆசைப்பட்டால் நெருங்க முடியாது. ஓட முடியாத அச்சமும், அடைய முடியாத ஆசையும் சினமாக மாறுவது நாய்க்கு மட்டும் உரிய குணமா என்ன?

இதோடு இன்னும் மூன்று காரணங்கள் சேர்கின்றன.

ஒன்று, குரைப்பதில் அதற்கு வெற்றி கிடைக்கிறது. தெருநாய் தன் போக்கில் கடந்து போகிறது. “நான் குரைத்தேன், அது போய்விட்டது” என்று நம் நாய் கணக்கு வைத்துக்கொள்கிறது. வெற்றி தரும் பழக்கத்தை யார்தான் விடுவார்?

இரண்டு, நம் அச்சம் கயிற்றின் வழியே இறங்குகிறது. தொலைவில் நாயைக் கண்டதும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை இறுக்குகிறோம். கயிறு இறுகினால் ஆபத்து வருகிறது என்பதை நாய் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கிறது.

மூன்று, இளமையில் பழகாத குறை. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அறிஞர்கள் நாய்க்குட்டிகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1965இல் ஒரு பெருநூல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரையிலான காலமே குட்டி உலகத்தோடு உறவு கொள்ளும் காலம் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. அந்தக் காலத்தில் எங்கள் மணி தோட்டத்துக் கொட்டகையில் தனியே கிடந்தது. எங்களிடம் வந்த பிறகோ தூணில் கட்டிக் கிடந்தது. ஊரைக் காட்டாமல் வளர்த்துவிட்டு, ஊர் நடத்தை தெரியவில்லை என்று அடித்தால் அது நியாயமாகுமா?

உடல் நோயையும் மறந்துவிடக் கூடாது. காதில் சீழ், மூட்டில் வலி, தோலெல்லாம் உண்ணி என்றிருக்கும் நாயிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. ஆகவே முதல் வேலை கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. மணிக்கு இடக்காதில் புண் இருந்தது. அதை நாங்கள் அதுவரை கவனித்ததேயில்லை என்பதை வெட்கத்தோடு இங்கே எழுதுகிறேன்.

முயலும் சிறுவனும்

உளவியல் வகுப்பில் பாவ்லவின் ஆய்வைப் படிக்காதவர் உண்டோ? 1904இல் நோபல் பரிசு பெற்ற இரசிய அறிஞர் அவர். உணவுக்கு முன்னால் ஓர் ஒலியைத் தொடர்ந்து கேட்கச் செய்தால், பிறகு ஒலியைக் கேட்டவுடனேயே நாய்க்கு வாயில் நீர் ஊறும். தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இந்தச் செய்தியில் எங்கள் வீட்டுச் சிக்கலுக்கு விடை இருக்கிறது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. இணைத்துக் காட்டியது இன்னொரு ஆய்வு.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அம்மையார், முயலைக் கண்டால் நடுங்கும் பீட்டர் என்ற சிறுவனுக்கு மருத்துவம் செய்தார். அவன் விருப்பத்தோடு உண்ணும் வேளையில், கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார். அவன் கலங்காமல் உண்டான். நாளடைவில் முயல் சிறிது சிறிதாக நெருங்கியது. முடிவில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான்! பின்னர் 1958இல் ஜோசப் வோல்பே என்னும் மருத்துவர் இந்த வழியை விரித்து, மனிதரின் அச்ச நோய்களுக்கு ஒரு முறையான மருத்துவமாகவே அமைத்தார்.

நாய்க்கும் வழி இதுவே. எந்தத் தொலைவில் இன்னொரு நாயைக் கண்டாலும் நம் நாய் கலங்காமல் இருக்கிறதோ, அந்தத் தொலைவிலிருந்து தொடங்க வேண்டும். அது எதிர்நாயைப் பார்த்தவுடன் வாயில் ஒரு சுவையான துண்டு. எதிர்நாய் மறைந்ததும் தீனியும் நின்றுவிட வேண்டும். “நாய் வந்தால் ஈரல் வருகிறது” என்ற கணக்கு அதன் நெஞ்சில் பதிய வேண்டும். குரைத்த பின் வாயை அடைக்கக் கொடுக்கும் இலஞ்சமன்று இது; குரைப்பதற்கு முன், பார்த்த மாத்திரத்தில் கொடுக்க வேண்டிய பரிசு. இந்த வேறுபாட்டை மறந்தால் பயன் குறைந்துவிடும்.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். புதுக் காளையை ஏருக்குப் பழக்கும் நம் ஊர் விவசாயி என்ன செய்கிறார்? மிரளும் காளையைத் தனியே நுகத்தில் பூட்டி அடிப்பதில்லை. பழகிய மாட்டோடு இணைத்து நடத்துகிறார். தொலைவில் ஒரு சாந்தமான நாய் ஒரே திசையில் நடக்க, நம் நாயும் இணையாக நடப்பது நல்ல பயிற்சி என்று இன்று பயிற்சியாளர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதுதான்.

எங்கள் ஆறு மாதம்

முதலில் கழுத்துச் சங்கிலியை எடுத்துவிட்டு மார்ப்பட்டை வாங்கினோம். கழுத்து நெரியாமல் மார்பிலும் தோளிலும் இழுவை பரவும். ஆறடிக் கயிறு, எப்போதும் சற்றுத் தொய்வாகவே பிடிக்க வேண்டும். தோலும் பூட்டும் பெயர்பெற்ற ஊர் நம்முடையது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனாலோ என்னவோ, எதையும் இறுக்கிப் பூட்டினால்தான் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறோம்!

அடுத்து இடமும் நேரமும். சந்துகளில் எதிர்நாய் பத்தடியில் வந்து நிற்கும், விலக இடமில்லை. ஆகவே மாலைச் சந்து உலாவை விட்டுவிட்டு, விடியற்காலையில் ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைப் பக்கம் அழைத்துப் போனேன். வெட்டவெளி. தொலைவில் ஆட்டுக்கிடைக் காவல் நாய்கள் தெரியும். நூறடித் தொலைவில் மணி பார்க்கும், காது நிமிரும், ஆனால் குரைக்காது. அங்கே தொடங்கினோம். வெயில் ஏறினால் தார்ச்சாலை நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும் என்பதாலும் விடியற்காலையே நல்லது.

தீனிக்கு வேகவைத்த கோழி ஈரல், சுண்டு விரல் நகம் அளவுத் துண்டுகளாக. திண்டுக்கல்காரன் நாய்க்கு எதற்கு ஈரல், பிரியாணியே போடலாமே என்றான் ஒரு நண்பன். வேண்டாம்! வெங்காயம் நாயின் இரத்தத்துக்குக் கேடு. வெந்த எலும்பு சிதறிக் குடலைக் கிழிக்கும். பிரியாணியை நாமே சாப்பிடுவோம்.

மணியின் உடம்பு பேசுவதை மெல்ல மெல்லப் படித்தேன். திறந்திருக்கும் வாய் சட்டென்று மூடிக்கொள்ளும், பார்வை ஓரிடத்தில் நிலைகுத்தும், உடல் விறைக்கும், முதுகு மயிர் சிலிர்க்கும். குரைப்பு அதற்குப் பிறகுதான். அந்த முதல் அறிகுறியிலேயே “வா மணி” என்று இனிய குரலில் அழைத்துத் திரும்பி நடந்துவிட வேண்டும். பின்வாங்குவது கோழைத்தனம் என்று எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே! ஆனால் வீம்புக்கு நின்று பாட்டியைக் கீழே தள்ளியதைவிடப் பின்வாங்குவது மேலன்றோ?

வெற்றி மேல் வெற்றி என்று எழுதினால் பொய்யாகிவிடும். இரண்டாம் மாதத்தில் தீபாவளி வந்தது. வெடிச்சத்தத்தில் நடுங்கிய மணிக்கு, மறுவாரம் முழுவதும் நூறடியில்கூடப் பொறுமையில்லை. பதற்றம் குடத்து நீரைப் போலச் சேர்ந்துகொண்டே போகிறது. அது வடிய நாளாகும். உலாவையே நான்கு நாள் நிறுத்தி, வீட்டுக்குள் ஈரலை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லி விளையாட்டுக் காட்டினோம். மறுபடி தொடங்கினோம்.

ஊருக்குள் போகும் நாட்களுக்காக வாய்ப்பூட்டும் பழக்கினேன். துணியால் வாயை இறுக்கிக் கட்டுவதன்று. மூச்சு வாங்கவும் நீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவத்தது. கதிரடிக்கும்போது மாட்டுக்கு வாய்க்கூடை போடுகிறோமே, அதைப் போன்றது. கூடைக்குள் ஈரலை வைத்துத் தானாக மூக்கை நுழைக்கச் செய்தால், பத்து நாளில் நாயே அதைத் தேடி வரும். அது தண்டனையன்று, பூக்கார அம்மாவுக்கு நாம் கொடுக்கும் உறுதிமொழி.

ஆறு மாத முடிவில் நூறடி இருபதடியாயிற்று. சந்துக்குள் திடீரென்று எதிர்ப்பட்டால் மணி இன்றும் குரைக்கத்தான் செய்கிறது. அது மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதன் அச்சத்தைச் சமாளிக்க அதற்கும் எனக்கும் ஒரு வழி தெரிந்திருக்கிறது என்றுதான் சொல்வேன். தவணை முடிந்த நாளில் அப்பா சிறுமலையைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் சென்ற வாரம், எனக்குக் காய்ச்சல் என்று அவரே மணியை அழைத்துச் சென்றார். மாடியிலிருந்து பார்த்தேன். எதிரே ஒரு நாய் வர, அப்பா ஒன்றும் பேசாமல் தெருவின் மறுபக்கம் கடந்து, சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுச் சிக்கல் மட்டுமா?

“மனிதனுக்கே வழியில்லாத நாட்டில் நாய்க்கு ஈரலா?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் கயிறு கட்டிய நாய் கட்டுமீறினால் விழுவது யார்? சைக்கிளில் போகும் தொழிலாளி. கூடை சுமக்கும் பாட்டி. பள்ளிக்குப் போகும் குழந்தை. நாயைப் பழக்குவது நாய்க்குச் செய்யும் தயவு என்பதைவிடத் தெருவுக்குச் செய்யும் கடமை.

சட்டமும் அதையே சொல்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், நாயை வழக்கமாகச் சங்கிலியில் கட்டி வைத்துவிட்டு அதற்குத் தக்க நடையும் ஓட்டமும் தராத உரிமையாளரைக் குற்றவாளி என்கிறது. பசியால் வாடி வதங்கும்படி விலங்கைக் கைவிடுவதும் அச்சட்டத்தில் குற்றமே. மறுபுறம், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராமல் காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நாயிடம் கடமை, அயலாரிடம் கடமை என இரண்டையும் ஒரே கையில் பிடிக்க வேண்டும்.

இனித் தெருநாய்கள். தொலைவுதான் மருந்து என்றேன். நம் ஊர்த் தெருக்களில் தொலைவுக்கு எங்கே போவது? ஒவ்வொரு தெருவும் ஒரு நாய்க் கூட்டத்தின் எல்லை. அந்த எல்லைக்குள் அயல்நாயைக் கயிற்றில் கட்டி அழைத்துப் போகிறவர் நாம்தான். குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்தால் கூட்டம் பெருகும். 2025ஆம் ஆண்டில் இந்தச் சிக்கல் உச்சநீதிமன்றம் வரை சென்றதை அறிவீர்கள். தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்து அடைக்குமாறு ஆகஸ்டு 11இல் ஓர் ஆணை. கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோயுற்றவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது என்று ஆகஸ்டு 22இல் திருத்தம். கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் சேர்க்குமாறு நவம்பர் 7இல் மற்றோர் ஆணை. நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஒரு பக்கம் நாயன்பர், மறுபக்கம் நாய்ப்பகைவர்.

இரு பக்கத்தாருக்கும் ஒன்று சொல்வேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் வெறிநோயால் மாள்கிறார்கள். அவர்களில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நம் நாட்டின் பங்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 1907இலேயே குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் கண்ட மாநிலம் நம்முடையது. நூறு நாய்களில் எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறும் என்பது அறிவியல் கண்ட உண்மை. இதைச் செய்யாமல், அன்பு என்றும் பகை என்றும் மேடையில் முழங்குவதால் ஒரு குழந்தையின் உயிரும் தப்பாது.

நம் கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளைத் தடுப்பூசி முகாமுக்குக் கொடுக்கலாம். தெருவில் எத்தனை நாய், எத்தனைக்குக் கருத்தடை ஆயிற்று என்று கணக்கெடுத்துக் கொடுக்கலாம். உணவு விடுதிக் கழிவு திறந்தவெளியில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளலாம். நாய் வளர்ப்பவரோ, குட்டியை இளமையிலேயே ஊருக்குப் பழக்கலாம். பகல் முழுவதும் கட்டி வைக்காமல் இருக்கலாம். எதிரே இன்னொருவர் நாயோடு வந்தால், “என் நாய் ஒன்றும் செய்யாது” என்று நெருங்காமல், ஒதுங்கி வழிவிடலாம். அவர் நாய் அஞ்சுமே!

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். எடுத்தனூரில் மட்டும் கல்லையும் நாயையும் ஒன்றாகக் காணலாம். கோவிவன் கள்வர்மேல் பாய்ந்தபோது யாரும் அதன் கழுத்தைச் சுண்டி இழுத்திருக்கமாட்டார்கள். நம் தெருவில் பாய்ச்சலுக்கு இடமில்லை என்பது உண்மைதான். அப்படியானால், பாயாமலிருக்க அதற்குக் கற்றுத்தரும் பொறுப்பு, கயிற்றைக் கையில் பிடித்திருக்கும் நம்முடையதே.

அடுத்த முறை உங்கள் நாய் குரைத்தால் குச்சியைத் தேடாதீர்கள். பத்தடி பின்வாங்கிப் பாருங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.